ஆன்டிபயாடிக் போட்டு வயிறு கெட்டால்: இசப்கோல், வாழைக்காய், கேரட், பழைய சோறு – எதை எப்போது, எவ்வளவு?

பல்லில் வேர் சிகிச்சை முடிந்ததும் எனக்கு அமாக்சிசிலின்–கிளாவுலனேட் 625 மாத்திரையை ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் இரவே வயிறு கடமுடவென்றது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குள் நான்கு தடவை போய்வந்துவிட்டேன். தெருமுனை மருந்துக்கடையில் "வயித்தால போகுது" என்றேன். ஏற்கெனவே என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஓஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் அட்டையில் ஆறு மாத்திரையைக் கத்தரித்து, காகித உறையில் போட்டு நீட்டினார்கள். வாங்காமல் திரும்பினேன் என்று சொல்லத்தான் ஆசை. வாங்கிக்கொண்டுதான் வந்தேன். வீட்டுக்கு வந்து அட்டையின் பின்புறத்தைப் படித்தபோதுதான் உறைத்தது: ஒரு ஆன்டிபயாடிக்கால் வந்த பேதிக்கு இன்னும் இரண்டு ஆன்டிபயாடிக்!

அந்த ஆறும் இழுப்பறைக்குள் போயின. அதற்குப் பிறகு இந்த விஷயத்தைத் தோண்டித் தோண்டிப் படித்தேன். படித்ததையும் என் வயிற்றில் பார்த்ததையும் சேர்த்து இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. அதனால் முதல் படியை மட்டும் யாரும் தாண்டிப் போய்விட வேண்டாம்.

முதலில், உள்ளே என்னதான் நடக்கிறது?

நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே சர்க்கரையாக உடைந்து ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. ஆனால் கொய்யாவின் பெக்டின், வெந்தயத்தின் வழவழப்பு, வாழைக்காயில் உள்ள செரிக்காத மாவு, வெங்காயத்தின் இன்யூலின் போன்றவை அங்கே உடைவதில்லை. இவை சர்க்கரைத் துணுக்குகளை மணிமாலை போலக் கோத்த சங்கிலிகள்; பாலிசாக்கரைடு என்பது இவற்றின் வேதியியல் பெயர். அந்த மாலையை அறுக்கும் கத்தரி நம் உடம்பிடம் இல்லை. பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களிடம்தான் இருக்கிறது.

அவை இந்தச் சங்கிலிகளைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரொப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் சுமார் 70 சதவீதத்தை பியூட்டிரேட்டிலிருந்துதான் எடுக்கின்றன. இந்த அமிலங்கள் குடல் சுவருக்குள் உறிஞ்சப்படும்போது கூடவே சோடியமும் தண்ணீரும் உள்ளே போகின்றன. மலம் கெட்டியாவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆன்டிபயாடிக் வந்ததும் அந்தக் குடியிருப்பே கலைகிறது. சங்கிலியை உடைக்க ஆளில்லை. உடையாத மிச்சம் குடலுக்குள்ளேயே நின்று தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. சுவரின் செல்களோ பட்டினி. இது ஒரு வழி. இன்னொரு வழி, மருந்தே குடலை விரட்டுவது. கிளாவுலனேட்டுக்கு அந்தக் குணம் உண்டு. எரித்ரோமைசின், அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகள், குடலை அசைக்கும் மோட்டிலின் என்ற ஹார்மோனுக்கான ஏற்பியையே தட்டிவிடுகின்றன. முதல் மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே ஓடவைப்பது பெரும்பாலும் இந்த வகைதான். மூன்றாவது வழி ஆபத்தானது: காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசீல் என்ற கிருமி வந்து உட்கார்ந்து நஞ்சு கக்குவது.

ஆன்டிபயாடிக் சாப்பிடுபவர்களில் 5 முதல் 35 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு வருவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. எந்த மருந்து, எந்த வயது என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். "வயிறு கெட்டுப்போச்சா? நார்ச்சத்து சாப்பிடு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான். நாரைத் தின்று வாழ்ந்த பாக்டீரியாவே செத்துக் கிடக்கும்போது கூடை கூடையாக நாரை உள்ளே தள்ளினால் என்ன ஆகும்? வயிறு உப்பும், வலிக்கும், போக்கு கூடும். ஆகவே இந்தப் பொருள்களை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். பாக்டீரியா உதவி இல்லாமலே தண்ணீரைப் பிடித்துக் கூழாக நிற்பவை ஒரு வகை. மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போதே இவை கைகொடுக்கும். பாக்டீரியாவுக்குத் தீனியாக வேலை செய்பவை இன்னொரு வகை. இவற்றின் காலம் கோர்ஸ் முடிந்த பிறகு. வாழைக்காயும் கேரட்டும் நடுவில் நிற்கின்றன. கீழே உள்ள வரிசையெல்லாம் இதை வைத்துத்தான்.

படி 1: இது வீட்டில் பார்க்கக்கூடியதா?

மலத்தில் ரத்தமோ அதிகச் சளியோ தெரிந்தால், காய்ச்சல் இருந்தால், வயிறு இறுகி உப்பி வலித்தால், சிறுநீர் குறைந்து நிறம் அடர்ந்தால், எழுந்து நின்றால் தலை சுற்றினால், வாழைக்காயைத் தேடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு நாளில் மூன்றுக்கு மேல் தண்ணீராகப் போய், அது இரண்டாம் நாளும் தொடர்ந்தாலும் அப்படியே. 65 வயதைத் தாண்டியவர்கள், அண்மையில் மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்கள், பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையைத் தினமும் போடுபவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் எல்லோரும் இன்னும் சீக்கிரம் போக வேண்டும். டிஃபிசீல் கிருமி இவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது.

பலருக்கும் தெரியாத ஒன்று: இந்தக் கிருமி மாத்திரை முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக்கூடத் தலைகாட்டலாம். "அது எப்பவோ போட்ட மாத்திரை" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். லோபராமைடு போட்டுப் போக்கை நிறுத்துவதும் இங்கே ஆபத்து. காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது குடலைக் கட்டிப்போட்டால் நஞ்சு உள்ளேயே தங்கிவிடும்.

கோர்ஸை நீங்களாகப் பாதியில் நிறுத்தவும் வேண்டாம். எழுதிக் கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நிறுத்தலாம், மாற்றலாம், அப்படியே தொடரலாம் என்று அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். நான் கூப்பிட்டேன். மாத்திரையைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு போடச் சொன்னார். அதுவரை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தேன்!

படி 2: தண்ணீரும் உப்பும்

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை; ஓ.ஆர்.எஸ். (இழந்த நீரை ஈடுசெய்யும் உப்பு–சர்க்கரைக் கரைசல்) குடியுங்கள். ஆனால் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலமும் இருக்கிறது, 200 மில்லிக்கான சின்னதும் இருக்கிறது. பெரியதை ஒரே தம்ளரில் கொட்டிக் கலக்கிக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு செறிவான கரைசல் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கைக் கூட்டும். கடையில் ஓ.ஆர்.எஸ். போலத் தோன்றும் இனிப்புப் பானங்களும் அதே அலமாரியில் நிற்கும். உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவைதானா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள்.

இந்த இடத்தில் வேலூரைச் சொல்லாமல் போக முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடன் வேலை செய்தவர்களும் காலரா நோயாளிகள் 48 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். 2000-ஆம் ஆண்டு வெளியானது. சிலருக்கு வழக்கமான ஓ.ஆர்.எஸ்., சிலருக்கு அரிசி மாவு சேர்த்தது, சிலருக்கு லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத சோள மாவு சேர்த்தது. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் போக்கு நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் ஆனது. செரிக்காத மாவு குடித்தவர்களுக்கு 57 மணி நேரம்தான். மாவு பெருங்குடலுக்குப் போய், பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து, வந்த அமிலம் சோடியத்தையும் தண்ணீரையும் உள்ளே இழுத்தது. மேலே சொன்ன கதைதான், நோயாளியின் படுக்கை அருகில் அளந்து பார்க்கப்பட்டது.

அவர்களுக்கு வந்தது காலரா, ஆன்டிபயாடிக் பேதி இல்லை. எண்களை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. ஆனால் பாக்டீரியா கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் குடலுக்கு மாவு எப்படி உதவும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் பார்க்கவில்லை.

வீட்டில் வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்பதும் நல்லதே. ஆனால் சூடான கஞ்சியின் மாவு சிறுகுடலிலேயே செரித்துவிடும், பெருங்குடல்வரை போகாது. அது தெம்புக்கும் தண்ணீருக்கும்.

படி 3: இசப்கோல், ஆனால் கொஞ்சம்

மலச்சிக்கலுக்குக் கொடுப்பதைப் பேதிக்கா கொடுப்பது என்று என் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். இசப்கோல் விதையின் மேல்தொலியில் இருப்பது அரபினோசைலான் என்ற பாலிசாக்கரைடு. பெருங்குடல் பாக்டீரியாவால் அதை அவ்வளவாக உடைக்க முடியாது. அதுவே நமக்கு வசதி. பாக்டீரியா இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கூழாக நிற்கும். மலம் கெட்டியாக இருந்தால் அந்த ஈரம் இளக்கும். தண்ணீராக இருந்தால் அதே கூழ் இறுக்கும். காற்றும் அதிகம் உண்டாகாது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கண்ணாடித் தம்ளரில் ஒரு டீஸ்பூன் தொலியைப் போட்டு, கால் தம்ளர் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வையுங்கள். முதலில் தவிடு மிதப்பதுபோல மிதக்கும். ஒரு நிமிடத்தில் ஓரங்கள் கரைந்து கண்ணாடியாகும். ஐந்து நிமிடம் கழித்துத் தம்ளரைச் சாய்த்தால் போஸ்டர் ஒட்டும் பசைபோல ஒட்டுமொத்தமாக நகரும். தண்ணீர் தனியாக வழியாது. குடலில் நடக்க வேண்டியது இதுதான். தொண்டையில் நடக்கக் கூடாததும் இதுதான்! ஆகவே:

- ஒரு டீஸ்பூன் தொலி, 150 முதல் 200 மில்லி தண்ணீர். கலக்கிய கையோடு குடித்துவிடுங்கள். ஊறவிட்டால் விழுங்க முடியாது.
- முதல் நாள் ஒரே வேளை. வயிறு ஏற்றுக்கொண்டால் மறுநாள் காலை, மாலை என்று இரண்டு வேளை. அதற்குமேல் வேண்டாம்.
- உலர்ந்த தொலியை ஒருபோதும் அப்படியே வாயில் போடாதீர்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், குடல் அடைப்பு வந்தவர்கள் தொடவே வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு மருத்துவர் சொன்னால் மட்டும்.
- படுக்கப்போகும் நேரத்தில் குடிக்காதீர்கள்.

வடக்கே தயிரில் கலந்து கொடுப்பது வழக்கம். தயிரோ மோரோ நன்றாகவே சேரும், நீங்கள் போடும் மாத்திரை அனுமதித்தால். அந்தச் சமாச்சாரம் ஐந்தாம் படியில்.

கூழ் மலத்தின் வடிவத்தைத் திருத்துகிறதே தவிர, பேதியின் காரணத்தைத் தொடுவதில்லை. ஆகவே மலம் சற்றுக் கெட்டியானதும் "சரியாகிவிட்டது" என்று ஓ.ஆர்.எஸ்.ஸை நிறுத்திவிடாதீர்கள்.

படி 4: வாழைக்காய்க் கஞ்சி

எனக்குப் பிடித்த படி இதுதான். வாழைக்காயில் இரண்டு சரக்கு இருக்கிறது: பெக்டினும், சிறுகுடலில் முழுதாகச் செரிக்காத மாவும். பழுத்தால் அந்த மாவு சர்க்கரையாகிவிடும். ஆகவே காயாகவே வேண்டும்.

டாக்காவில் உள்ள பன்னாட்டு வயிற்றுப்போக்கு ஆய்வு மையத்தில், நாள்பட்ட பேதி வந்த 5 முதல் 12 மாத ஆண் குழந்தைகள் 62 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அரிசிக் கஞ்சியில் லிட்டருக்கு 250 கிராம் வேகவைத்த வாழைக்காய், இன்னொன்றுக்கு அதே கஞ்சியில் பெக்டின், மூன்றாவதுக்கு வெறும் கஞ்சி. மூன்றாம் நாள் முடிவில் வாழைக்காய்க் குழந்தைகளில் 59 சதவீதமும் பெக்டின் குழந்தைகளில் 55 சதவீதமும் குணமாகியிருந்தனர். வெறும் கஞ்சிப் பிரிவில் 15 சதவீதம்தான். நான்காம் நாள் 82, 78, 23. 2001-இல் இது வெளிவந்தபோது, கிராமத்துப் பாட்டிகள் செய்துவந்ததற்கு ஒரு எண் கிடைத்தது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் குழந்தைக்கு ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது இன்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்து மாமியார் வாய்த்தவர்களுக்கு இந்தப் பகுதியே தேவையில்லை.

இதுவும் ஆன்டிபயாடிக் பேதி பற்றிய ஆய்வு இல்லை. ஆனால் குடல் சுவர் நொந்துபோய்ப் பட்டினி கிடக்கும் நிலை இரண்டிலும் ஒன்று. பொருளும் சாப்பாடுதானே, மருந்தில்லை. அதனால் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் அளவு:

மொந்தன் அல்லது நேந்திரங்காய் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தோல் நீங்கினால் ஏறக்குறைய 150 கிராம் சதை வர வேண்டும். கையில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கறை இரண்டு நாளைக்குப் போகாது. எனக்குக் கட்டைவிரல் நகத்தோரம் ஒரு வாரம் கறுப்பாகவே இருந்தது. தோலோடு இரண்டாக வெட்டி, மூழ்கும் அளவு தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவையுங்கள். கத்தி நுனி தடையில்லாமல் இறங்கினால் போதும். தோல் கறுத்துப் போயிருக்கும். அதை உரித்துவிட்டு, சதையைச் சூட்டோடு கரண்டியின் பின்பக்கத்தால் மசியுங்கள். ஆறினால் கட்டி விழும், மசியாது.

இன்னொரு அடுப்பில் மூன்று மேசைக்கரண்டி பச்சரிசி நொய்யை அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீரில் குழையவிடுங்கள். அரை லிட்டர் கஞ்சி மிஞ்சும்போது மசித்த காயைச் சேர்த்து, உப்புப் போட்டு, மத்தால் ஒரு சுற்று கடையுங்கள். வெளிர் சாம்பல் நிறத்தில், கரண்டியிலிருந்து பட்டையாக விழும் பதத்தில் இருக்கும். பார்க்க அழகாக இருக்காது. சீரகப் பொடி ஒரு சிட்டிகை போட்டால் வாய்க்கு வணக்கமாகும். மிளகாய், தேங்காய், தாளிப்பு எதுவும் வேண்டாம்.

இதை நாலு பங்காக்கி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு பங்கு என்று குடியுங்கள். ஒரே மூச்சில் குடித்தால் வயிறு கனத்துப் படுக்கவைத்துவிடும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு சொல்: காயில் சர்க்கரை குறைவுதான், ஆனால் கூட நொய்க்கஞ்சி இருக்கிறது. அந்த வேளைச் சோற்றுக்குப் பதிலாக இது, சோற்றோடு சேர்த்து வேண்டாம். சிறுநீரக நோயால் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இந்தப் படியை விட்டுவிடுங்கள்.

வாழைக்காய் பிடிக்காதவர்களுக்கு, கேரட்

எர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவர். பச்சிளங்குழந்தை திடுக்கிட்டுக் கைகளை விரிக்குமே, அந்த அனிச்சைச் செயலுக்கு இவர் பெயர்தான். ஆன்டிபயாடிக்கே இல்லாத 1908-இல், பேதியில் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த ஜெர்மனியில் இவர் கேரட் சூப் கொடுக்கத் தொடங்கினார். செய்முறை எளிது: அரைக் கிலோ கேரட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைத்து, மசித்து, மறுபடி ஒரு லிட்டராக்கி, 3 கிராம் உப்பு. ஏறக்குறைய அரை டீஸ்பூன் வரும்.

இதில் சுவாரசியம் அந்த ஒரு மணி நேரம்தான். நீண்ட நேரம் கொதிக்கும்போது கேரட்டின் பெக்டின் சங்கிலி சின்னச் சின்னத் துண்டுகளாக உடைகிறது. குடல் சுவரில் கிருமி போய் ஒட்டிக்கொள்ளும் பூட்டுகளின் சாயல் இந்தத் துண்டுகளுக்கு இருப்பதால், கிருமி ஏமாந்து இவற்றைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது என்பது பின்னாளில் ஆய்வாளர்கள் தந்த விளக்கம். பத்து நிமிடம் வேகவைத்த கேரட் நல்ல பொரியல். மோரோவின் சூப் இல்லை.

வீட்டுக்கு வருபவர்கள் சொல்வதெல்லாம்

வயிறு கெட்டது என்று தெரிந்தால் போதும், ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். வேகமாகப் பார்த்துவிடுவோம்.

வெந்தயத்தில் கேலக்டோமேனன் என்ற பாலிசாக்கரைடு நிறைய இருக்கிறது, கூழாகும். அரை டீஸ்பூனை இரவு ஊறவைத்து மோரில் எடுப்பது சரியான யோசனைதான். அதற்குமேல் போனால் வாயு. சர்க்கரை நோய் மாத்திரையோ, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோ சாப்பிடுபவர்கள் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஜவ்வரிசிக் கஞ்சி வயிற்றுக்கு இதம், ஆனால் அது எளிதில் செரிக்கும் மரவள்ளி மாவு. பாக்டீரியாவுக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. மாதுளைத் தோலும் கட்டன் சாயாவும் (பால் சேர்க்காத தேநீர்) வேலை செய்வது துவர்ப்பால், பாலிசாக்கரைடால் இல்லை. சப்ஜா விதை இசப்கோலின் தங்கை. கிடைப்பதைப் பயன்படுத்துங்கள், இரண்டும் சேர்ந்து வேண்டாம்.

கற்றாழைதான் எனக்குக் கோபம் வரவழைப்பது. நடுவில் உள்ள சோற்றில் நல்ல பாலிசாக்கரைடு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தோலுக்கு அடியில் மஞ்சளாக வடியும் பாலில் உள்ள அலோயின் கடுமையான பேதி மருந்து. ஏழு முறை கழுவினேன் என்பார்கள். பேதியின் நடுவில் அந்தச் சூதாட்டம் எதற்கு?

கோதுமைத் தவிடு, வாழைத்தண்டு, கீரைத்தண்டு ஆகியவற்றின் கரையாத நார் குடலைச் சுரண்டி விரட்டும். ஒரு வாரம் தள்ளி வையுங்கள்.

படி 5: மாத்திரையின் நேரம்

இங்கே சறுக்கினால் வயிறு சரியாகும், ஆனால் தொற்று சரியாகாமல் நிற்கும்.

கூழாகும் எதுவும் மருந்தையும் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும். இசப்கோலுக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். ஆன்டிபயாடிக்குக்கு மட்டுமில்லை; தைராய்டு மாத்திரை, இதயத்துக்கான டிகாக்சின் எல்லாவற்றுக்கும்தான்.

சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் வகை என்றால் இன்னொரு சிக்கல். கால்சியம் இந்த மருந்துகளைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். மோர், தயிர், பால் மட்டுமில்லை, கேழ்வரகுக் கூழிலும் கால்சியம் எக்கச்சக்கம்: 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல். "வயித்துக்கு நல்லது" என்று கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிக் குடித்து, அதன் மேலேயே சிப்ரோஃப்ளாக்சசின் போட்டால் மாத்திரையில் ஒரு பகுதி வீண். இவர்கள் முதலில் மாத்திரை போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மோர் குடிக்கலாம். மோர் முந்திவிட்டால் மாத்திரைக்கு ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். பேதி வந்தவர்களுக்குக் கொடுக்கும் துத்தநாக மாத்திரைக்கும் இதே கணக்கு.

அமாக்சிசிலினுக்கு இந்தக் கால்சியத் தொல்லை கிடையாது. என் கால அட்டவணை இப்படித்தான் ஓடியது: காலை எட்டுக்கு இட்லியின் முதல் விள்ளலோடு மாத்திரை, பத்தரைக்கு இசப்கோல், பன்னிரண்டுக்கு முதல் பங்கு வாழைக்காய்க் கஞ்சி, நடுவில் தாகமெடுக்கும்போதெல்லாம் ஓ.ஆர்.எஸ். அன்று மாலை ஒரு தடவை, மறுநாள் இரண்டு தடவை. ஐந்தாம் நாள் கடைசி மாத்திரையை விழுங்கும்போது வயிறு சத்தமில்லாமல் இருந்தது. மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டதால் வந்ததா, கஞ்சியால் வந்ததா என்று என்னிடம் கேட்டால், இரண்டுக்கும் சரிபாதி மதிப்பெண் கொடுப்பேன்.

படி 6: கோர்ஸ் முடிந்த பிறகு, தீனி போடும் காலம்

கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு நாள் பொறுங்கள். மலம் ஓரளவு உருவம் பிடித்த பிறகுதான் இந்தப் படி.

முதல் வாரம் ஆறின மாவு. சோற்றை வடித்து ஆறவைத்தால் அதன் மாவில் ஒரு பகுதி மறுபடி இறுகி, செரிக்காத மாவாக மாறுகிறது. பழைய சோறு இதற்கு எளிய வழி. ஆனால் ஒரு எச்சரிக்கை: வெந்த சோற்றைப் பல மணி நேரம் அடுப்படியில் வெதுவெதுப்பாகவே விட்டுவைத்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும். அது கக்கும் நஞ்சு சுடவைத்தாலும் போகாது. சோறு ஆறியதும் சுத்தமான தண்ணீர் ஊற்றி வையுங்கள். வெயில் காலத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தப்பில்லை. புளிப்பு வாசனைதான் வர வேண்டும். நூல் விட்டால் கொட்டிவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கைக்குழந்தைகள், இன்னும் தண்ணீராகப் போய்க்கொண்டிருப்பவர்கள் பழைய சோற்றின் பக்கம் போக வேண்டாம். அவர்களுக்கு வேகவைத்து ஆறின உருளைக்கிழங்கு போதும், அன்றே செய்தது.

இரண்டாம் வாரம் கொய்யா, வேகவைத்த ஆப்பிள், ஓட்ஸ், பாசிப்பருப்பு. மூன்றாம் வாரம்தான் வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை. இன்யூலின் போன்ற குட்டைச் சங்கிலிகள் வேகமாகப் புளிக்கும். பாக்டீரியாக் கூட்டம் இன்னும் முழுதாகத் திரும்பாதபோது கொடுத்தால் வயிறு பறையடிக்கும். வெங்காயச் சாம்பாரை ஆறாம் நாளே ஆசைப்பட்டுச் சாப்பிட்டு, இரவு முழுக்க இடுப்பு நாடாவைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

தீனியை எப்போது போடுகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு ஜோடி சோதனைகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்த முதியவர்களுக்கு ஒலிகோஃப்ரக்டோஸ் கொடுத்துப் பார்த்தார்கள். வாழைப்பழத்திலும் வெங்காயத்திலும் இருக்கும் குட்டைச் சங்கிலிதான் அது. பேதி வராமல் அது தடுக்கவில்லை. அதே குழு, டிஃபிசீல் பேதி வந்து சிகிச்சை பெற்றவர்களுக்கு அதையே கொடுத்தது. இப்போது பேதி திரும்ப வந்தவர்கள் 8 சதவீதம்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெற்றுப் பொருள் கொடுக்கப்பட்டவர்களில் 34 சதவீதம். இரண்டும் 2005-இல் வெளியானவை. உண்பதற்கு ஆள் இல்லாத வீட்டில் பந்தி போட்டுப் பயனில்லை. ஆள் திரும்பத் தொடங்கியதும் போட்டால் இலை காலியாகிறது.

புரோபயாடிக் வேண்டுமா?

குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள்தான் புரோபயாடிக். இதை மாத்திரையோடு சேர்த்தே எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கள் நிறையப் பேர். சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்பது பாக்டீரியா இல்லை, ஈஸ்ட். ஆகவே பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதைத் தொடாது. கோர்ஸ் ஓடும்போது பேதியைக் குறைக்க அது உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களும், ரத்தக்குழாயில் நிரந்தரக் குழாய் வைத்திருப்பவர்களும் தவிர்க்க வேண்டும்.

கோர்ஸ் முடிந்த பிறகு பல பாக்டீரியாக்கள் கலந்த குப்பிகளை வாரக்கணக்கில் விழுங்குவதில் எனக்கு உற்சாகமில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு அப்படி எடுத்தவர்களின் சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் திரும்பிவரத் தாமதமானது. ஒன்றும் எடுக்காதவர்களுக்கு அவை முன்பே திரும்பிவிட்டன.

அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு நான்கு நாள் மூன்று கடுமையான ஆன்டிபயாடிக்குகளைக் கொடுத்துவிட்டு அவர்கள் குடலைக் கவனித்தார்கள். ஒன்றரை மாதத்தில் கூட்டம் ஏறக்குறைய பழையபடி ஆகிவிட்டது. ஆனாலும் முன்பு இருந்த ஒன்பது இனங்கள் பெரும்பாலானவர்களிடம் 180 நாள் கழித்தும் தென்படவில்லை. அதனால்தான் ஆறாம் படியை மூன்று வாரத்தோடு முடிக்காமல் ஒன்றரை மாதம்வரை நீட்டச் சொல்கிறேன். தினம் ஒரு கைப்பிடி பருப்போ பயறோ, ஒரு கொய்யா, வாரம் இரண்டு முறை வாழைக்காய்ப் பொரியல். அவ்வளவுதான், பொடி டப்பா எதுவும் வாங்க வேண்டாம்.

ஒரு துண்டுக் காகிதம்

எந்த மாத்திரை, எத்தனையாம் நாள் போக்கு தொடங்கியது, எத்தனை தடவை, எது கேட்டது என்று நாலு வரி எழுதி மருத்துவக் கோப்பில் செருகி வையுங்கள். அடுத்த முறை பல்லுக்கோ தொண்டைக்கோ போகும்போது அதை நீட்டினால், மருத்துவர் வேறு மருந்தையோ வேறு அளவையோ யோசிப்பார். என்னுடையதில் "கிளாவுலனேட், 2-ஆம் நாள் இரவு, 4 தடவை, சாப்பாட்டோடு போட்டபின் பரவாயில்லை" என்று இருக்கிறது. போன மாதம் தொண்டை வலிக்குப் போனபோது அதைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, இது வைரஸ்தான், ஆன்டிபயாடிக்கே தேவையில்லை, உப்புத்தண்ணீரில் கொப்பளியுங்கள் என்று அனுப்பிவிட்டார்.